சிமெண்ட் ஆலையின் ஆறு மாதங்கள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து மனுஷனாக இருக்கிறாயா என்று முதலில் எழுது. பயிற்சி விடுதியில் உன் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டது நல்லது என்கிறாள் அம்மா. "போன்ல அவன் குரலைக் கேட்டா நான் அழுவேன். நான் அழுதா அவன் படிக்க மாட்டான். நீ எழுதிப் போடு." அதனால் இந்தக் காலத்தில் நாம் இருவரும் தபால்காரருக்கு வேலை வைக்கப் போகிறோம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அரசு வேலைத் தேர்வு எழுத இது உனக்குக் கடைசித் தடவை. இந்த வருஷம் முடிந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். போன தடவை 71 எடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள், நீ 69. கோட்டு வரைபடத்தில் வந்த ஐந்து கேள்விகளையும் தொடாமல் வந்தாய். இதற்குச் சிரிப்பதா அழுவதா? உன் அக்காவுக்குச் சோறு போடுவதே கோட்டு வரைபடம்தான். வழிகாட்டிப் புத்தகம் போடும் கம்பெனியில் உட்கார்ந்து, இல்லாத தொழிற்சாலைகளுக்கு உற்பத்தியை ஏற்றி இறக்கி, கேள்வி எழுதிக் கொடுக்கிறேன். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ என் கோட்டைப் படித்துத் தேறுகிறார்கள். என் தம்பி கோட்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறான்.

இனி கடிதத்துக்கு ஒரு கணக்கு. பின்பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை வரைந்திருக்கிறேன். ஜனவரியைப் போல மார்ச்சில் எத்தனை மடங்கு உற்பத்தி? அவசரப்படாமல் பார்.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி மே 20. நேரில் விண்ணப்ப மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும் என்பதால் உனக்காக நான் போட முடியாது. இப்போதே போட்டுவிடு.

உன் நல்ல செய்திக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? மருத்துவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை.

அறை பரவாயில்லை. ஒரு பெரிய கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து ஏழெட்டு அறை ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவன் இருமினால் நான் தண்ணீர் குடிக்கிறேன். என்னோடு இருப்பவனுக்குப் பெயர் கால்குலேட்டர். தூக்கத்தில்கூடச் சதவீதம் சொல்கிறான். நல்லவன். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவன். எல்லோருமே சின்னவர்கள்தான். என்னை இங்கே 'பெரியவர்' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கேலி என்று நினைத்தேன். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வகுப்பில் மாதிரித் தேர்வின் மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைக்கிறார்கள். எனக்குத் தூணுக்குப் பின்னால் இடம். பலகையில் பாதி தெரியும்.

ஐஸ் தொழிற்சாலை விடை: மூன்று மடங்கு. சரியா? கோட்டைப் பார்த்தால் என்ன ஆகிறது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். அது பாட்டுக்கு எங்கேயோ ஏறிப் போகிறது, நான் கீழேயே நிற்கிறேன் என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் எண் எதுவும் கண்ணில் படுவதில்லை.

அம்மாவிடம் நன்றாகப் படிக்கிறேன் என்று சொல்.

உன் தம்பி


ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

அட மண்டு. மூன்று மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு. ஜனவரியில் 40, மார்ச்சில் 60. இடது பக்கத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாயா? சுழியத்தில் இல்லை, முப்பதில். அதனால் 40 பத்து அளவு உயரத்திலும், 60 முப்பது அளவு உயரத்திலும் நிற்கின்றன. கண்ணுக்கு மூன்று மடங்கு. கண்ணை நம்பாதே, அச்சை நம்பு. இந்த வித்தையில் ஏமாறுபவர்களை வைத்துத்தான் எங்கள் கம்பெனியே ஓடுகிறது.

அம்மாவின் கண்ணைக் கேட்டாய். நரம்பு வாடிவிட்டதாம், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. அவளுக்காக ஒரு வேலை செய்திருக்கிறேன். சமையலறைச் சுவரில் அச்சுக் கோடு இழுத்திருக்கிறேன். வாராவாரம் உன் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை எழுது. அந்த உயரத்தில் குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி தடித்த நூல் கட்டுவேன். விரலால் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

புதுக் கணக்கு: சிமெண்ட் ஆலை, ஆயிரம் மூட்டைகளில். ஜனவரி முதல் ஜூன் வரை 48, 55, 51, 62, 60, 71. ஏறிக்கொண்டே போகிற கோட்டை யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் இரண்டு இடத்தில் நானாகவே இறக்கிவிட்டேன். கடைசியில் 71 வைத்தது ஏன் என்று உனக்கே தெரியும். கேள்வி இதுதான். இரண்டு இடத்தில் 11 ஏறுகிறது. சதவீதத்தில் எது பெரிய ஏற்றம்?

விண்ணப்பம் போட்டாயா?

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

சிமெண்ட் ஆலையைப் போட்டுவிட்டேன். 51-லிருந்து 62 போவதுதான் பெரிது. சின்ன எண்ணிலிருந்து ஏறும்போது அதே 11 பெரிதாகிறது. கால்குலேட்டரிடம் காட்டினேன், "பெரியவரே, கலக்கிட்டீங்க" என்றான். அன்றைக்கு முழுக்க அந்த ஆறு எண்களையும் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே திரிந்தேன். இந்த மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மதிப்பெண் கேட்டாய். 41, 38, 44. போன வருஷம் இதே மாதிரித் தாளில் அறுபதுக்கு மேல் வாங்கினேன். பாடம் மறக்கவில்லை அக்கா. கேள்வியைப் படித்ததும் விடை தெரிகிறது. எழுதப் போனால், இதுவும் தப்பாக இருக்குமோ என்று கை நிற்கிறது. மணி அடிக்கும்வரை அப்படியே இருக்கிறேன்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. எண்களை மட்டும் சொல்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன்.

மூன்று ஊசியும் குத்தியாகிவிட்டது. அம்மா தடவிக்கொண்டே போனவள் 38-ல் நின்றுவிட்டாள். "ஏன்டி இங்க இறங்குது?" என்றாள். அன்றைக்கு உனக்குத் தலைவலி என்றேன். "தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத் துவட்டாம போயிருப்பான்" என்று ஒரு மணிநேரம் உன்னைத் திட்டினாள். தலையைத் துவட்டு.

கை நிற்பதைப் பற்றி: பயம் எல்லோருக்கும் வரும். இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைத் தாண்டிப் போ. இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அம்மா அடுத்த ஊசிக்குக் காத்திருக்கிறாள். "அவன் வேலைக்குக் கிளம்பிப் போற நிழலாவது எனக்குத் தெரியணும்" என்று நேற்றுச் சொன்னாள். இருக்கிற வெளிச்சத்தை அதற்காக மிச்சம் பிடிப்பவள் போலப் பேசுகிறாள்.

விண்ணப்பம் போட்டாயா? இரண்டு தடவை கேட்டுவிட்டேன், பதில் இல்லை.

அக்கா


ஏப்ரல் 1

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. வார்டன் அறைக்குப் போன் செய்தேன். "பையன் தினமும் காலையில வகுப்புக்குக் கிளம்பிப் போறானே, நல்லாத்தான் இருக்கான்" என்றார். அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது. கோபமும் வந்தது. நன்றாக இருக்கிறவனுக்கு இரண்டு வரி எழுத என்ன கேடு?

44-க்குப் பிறகு நூலை முடிச்சுப் போடாமல் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போகிற வருகிற நேரமெல்லாம் எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் அனுப்பு. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

விண்ணப்பம்?

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே.

இங்கே வெயில் அதிகம். பேருந்து நிலையத்தின் கூரையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் வண்டியைக் கடைசித் தடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. காலை வண்டியின் நடத்துநர் ஏறுகிறவர்களை எண்ணிவிட்டுத்தான் விசில் அடிப்பார். மத்தியான வண்டிக்காரர் எண்ணுவதில்லை.

கடந்த ஆறு வாரத்தின் மதிப்பெண்கள்:

48, 55, 51, 62, 60, 71.

வேறு விசேஷம் இல்லை. சீக்கிரம் பதில் எழுது அக்கா.

தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்த அன்று அம்மா என்னைக் கைகூடக் கழுவ விடவில்லை. அப்போதே ஊசியைக் குத்தச் சொன்னாள். பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொன்றாகக் குத்தி நூலை இழுத்துக் கட்டினேன். முதல் முனையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசி ஊசிக்குக் குதிகாலைத் தூக்கி எட்ட வேண்டியிருந்தது. எட்டித் தொட்டாள். "எம்மாடி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகிறது. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் கையையும் பிடித்துத் தடவ வைத்தாள்.

எனக்கும் பழகின கோடு மாதிரித்தான் இருந்தது. நாள் முழுக்கக் கோடு வரைகிறவளுக்கு எல்லாமே பழகினதாகத்தான் தெரியும்.

நன்றாகச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

விண்ணப்பத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. "போட்டிருப்பான், சும்மா நச்சரிக்காதே" என்கிறாள் அம்மா. எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்வாய்.

மீன்பிடிப் படகுகளை வைத்து ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறேன். சுலபமானது.

அக்கா


மே 31

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நானும்.

தேதி முடிந்துவிட்டது. நுழைவுச்சீட்டு எப்போது வரும்? உன் பதிவு எண்ணை எழுது, இங்கிருந்தே பார்க்கிறேன். அம்மா கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

என்ன எழுதுவதானாலும் எழுது. ஒன்றும் எழுத முடியாவிட்டால் வெறும் தாளை மடித்துப் போடு, உன் கையெழுத்தில் முகவரி இருந்தால் போதும்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் விண்ணப்பிக்கவில்லை.

மார்ச் தொடக்கத்திலேயே வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். காலையில் எல்லோருடனும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனையில் அவர்கள் வலது பக்கம் போவார்கள். நான் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துவிட்டு, இடது பக்கம் திரும்பிப் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவேன். சாயங்காலம்வரை அங்கேதான். நம் ஊர் வண்டி கிளம்புவதைப் பார்ப்பேன். ஏறினதில்லை. ஏறினால் நீ கதவைத் திறப்பாயே, என்ன சொல்வது?

அந்த ஆறு எண்களும் என்னுடையவை இல்லை. உன் சிமெண்ட் ஆலை.

அக்கா, பொய் சொல்வதென்றால் வாய்க்கு வந்த எண்களை எழுதியிருப்பேன், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. 'நான் வகுப்புக்குப் போவதில்லை' என்று எழுத எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். கை வரவில்லை. அதனால்தான் அவற்றை எழுதினேன். உலகத்திலேயே நீ ஒருத்திதான் பார்த்ததும் 'டேய்' என்று கத்துவாய் என்று நினைத்தேன். அடுத்த நாளே வண்டி ஏறி வருவாய், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கைரேகை வைக்க வைப்பாய் என்று நினைத்தேன். காலை வண்டியில் வந்து இறங்குகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தபோது இன்னும் நாள் இருந்தது. மறுபடி மறுபடி படித்தேன். அம்மா சிரித்தாள் என்று இருந்தது. படகுக் கணக்கு இருந்தது. உனக்குத் தெரியவில்லை என்று புரிந்துகொண்டேன். எத்தனையோ கோடு வரைகிறாய், எதை ஞாபகம் வைத்திருப்பாய்? உன் மேல் குறையில்லை.

மே இருபதாம் தேதி அந்த விண்ணப்ப மையம்வரை போனேன். ஷட்டரை இறக்கும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். ஏன் உள்ளே போகவில்லை என்று எனக்கே தெரியவில்லை. போயிருந்தாலும் தேர்வு அறையில் கல்லாகத்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் போயிருக்கலாம்.

அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாய்?

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தது.

51-க்கு ஊசி குத்தும்போதே தெரிந்துவிட்டது. அடுத்த எண்ணைப் பார்க்காமலே என் கை 62-க்குப் போய் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏறுதா? ஏறுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிச்ச ஊசிகளையும் குத்தினேன். பிறகு உட்கார்ந்து உனக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலிலும் 'ஏன்டா இப்படிச் செய்தாய்' என்று இருந்தது. நாலையும் கிழித்தேன். வெட்கத்தில் ஏதாவது செய்துகொள்வாயோ என்று பயம். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் உன் மானம் தப்பும், நீயாகவே எழுந்து நின்றுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாவதாக எழுதியதைத்தான் நீ படித்தாய். நீ தண்ணீரில் முழுகிக்கொண்டே கையை ஆட்டியிருக்கிறாய். கரையில் நின்ற நான், பார்த்தால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. கை நிற்கிறது என்று பிப்ரவரியில் எழுதினாய். நான் பயம் எல்லோருக்கும் வரும் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு, ஊசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். சுவரில் அச்சை முப்பதில் தொடங்கியிருந்தேன், ஏற்றம் அம்மா விரலுக்குப் பெரிதாகப் படட்டும் என்று. யாரை ஏமாற்ற அதைச் செய்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

சிமெண்ட் ஆலை இந்த வருஷத்துப் புத்தகத்தில் அச்சாகி வந்துவிட்டது. யாரோ எங்கேயோ போட்டுக்கொண்டிருப்பார்கள். சரியாகவே போடுவார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை அவள் சுவரோடு நின்றபோது சொன்னேன். அவள் விரலைப் பிடித்து 44-ல் வைத்து, "இதுவரைக்கும்தான் அம்மா அவன். மிச்சம் நான் ஆபீஸ்ல எழுதின கணக்கு" என்றேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "பரீட்சை?" என்றாள். எழுதப் போவதில்லை என்றேன். இனிமேல் எழுதவும் முடியாது என்றேன். அழவில்லை. "எடுத்துரு" என்றாள்.

அந்த ஆறு ஊசியையும் பிடுங்கினேன், நூலைச் சுற்றி வைத்தேன். 44-வரை விட்டுவைத்திருக்கிறேன். வேலை முடிந்தது என்று நினைத்து அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பினால் அவள் அதற்கு அந்தப் பக்கத்து வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். குண்டூசி போன இடத்தில் ஓட்டை இருக்கிறது அல்லவா, அது விரலுக்குத் தட்டுகிறது. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். கடைசி ஓட்டைக்கு மறுபடி குதிகாலைத் தூக்கினாள். பிறகு, "இத்தனை நாளும் புள்ள எங்கடி உட்கார்ந்திருந்தான்?" என்று கேட்டாள். பேருந்து நிலையத்தில் என்றேன். "வெயில்லயா?" என்றாள். கூரை மாற்றுகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய், அதனால் ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

இனி உனக்கு என்ன வேலை, என்ன வழி, எதுவும் எனக்குத் தெரியாது. பொய்யாக ஒன்றைச் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அந்தத் தேர்வு போய்விட்டது, திரும்பி வராது. நம் மூவருக்கும் அது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மே மாதம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். டேய், வீட்டுக்கு வா. காலை வண்டி, கடைசித் தடம். என்ன சொல்வது என்று யோசிக்காதே. நான் கதவைத் திறந்தால் ஒன்றும் கேட்க மாட்டேன். அம்மா உன் முகத்தைத் தடவிப் பார்ப்பாள், ரொம்ப நேரம் பார்ப்பாள். தலையைத் திருப்பாமல் நில்.

இந்தக் கடிதத்தில் கணக்கு இல்லை.

அக்கா